களைப்பின் கணக்கு

ஒரு மனிதன் களைத்துப்போவதை எழுதிக் காட்டுவது சுலபமான காரியமல்ல. கோபத்தை எழுதிவிடலாம், பசியைக்கூட எழுதிவிடலாம். களைப்பு சிறுகச் சிறுக வருவது. அது வந்துகொண்டிருக்கிறது என்பது, அதை அநுபவிக்கிறவனுக்கே கடைசிவரையில் தெரிவதில்லை; தெரிந்தாலும் ஒப்புக்கொள்ளமாட்டான். முப்பது வருஷமாக நாவல் எழுதிவருகிற நான், இந்த ஒரு விஷயத்தில் எனக்கே திருப்தியாக ஒரு பக்கம்கூட எழுதியதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இதே பிரச்னையை ஒரு விளையாட்டுப் பெட்டிக்குள் சந்திப்பேன் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பாஸ்டன் நகருக்கு வெளியே என் பெண்ணின் வீட்டில் ஒரு குளிர்காலம் தங்க நேர்ந்தது. அடுத்த வீட்டில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். சாயங்காலமானால் அவர் சமையலறை மேஜைமேல் அட்டைகளைப் பரப்பி, மூன்று பகடைகளை உருட்டி, ஒரு நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் ஏதோ குறித்துக்கொண்டிருப்பார். அவர் தன்னந்தனியாக பேஸ்பால் ஆடிக்கொண்டிருக்கிறார் என்பது எனக்குப் புரியவே இரண்டு நாள் பிடித்தது.

விளையாட்டுச் சாமானுக்கு விமரிசனமா என்று நண்பர்கள் சிலர் சிரிக்கக்கூடும். ஆனால் இந்த ஆட்டங்களின் நோக்கத்தைக் கவனித்தால் சிரிக்கத் தோன்றாது. உண்மையில் வாழ்ந்த ஒரு ஆட்டக்காரன், குறிப்பிட்ட ஒரு வருஷத்தில் என்னென்ன செய்தான் என்பதை எடுத்துக்கொண்டு, அவனை மறுபடியும் நடமாடவிடுவது. அவன் செய்யாததையும், ஆனால் செய்திருக்கக்கூடியதையும் செய்யவைப்பது. யதார்த்த நாவலாசிரியன் செய்ய விரும்புவதும் இதுதானே? ஆகவே இதையும் ஒரு சிருஷ்டி முயற்சி என்றே வைத்துக்கொண்டு, ஒரே ஒரு அம்சத்தில் மட்டும் பரீட்சித்துப் பார்க்க விரும்புகிறேன். பந்தெறிகிற பிட்சர் களைப்பதையும், அவனுக்குக் கொடுக்கப்பட்ட வேலை மாறுவதையும் இவை எப்படிக் காட்டுகின்றன?

நம் வாசகர்களுக்குக் கிரிக்கெட் தெரியும். கிரிக்கெட்டில் பந்து வீசுகிறவன் ஆறு பந்து போடுவான்; எல்லைக்கோட்டருகே போய் மூச்சு வாங்குவான்; வேண்டுமானால் மத்தியானத்துக்கு மேல் திரும்பவும் வருவான். பேஸ்பாலில் அந்தச் சௌகரியம் கிடையாது. பிட்சர் ஒருவனே எதிர்க்கட்சியின் ஒன்பது பேருக்கும் வரிசையாக எறிந்துகொண்டிருக்க வேண்டும். ஒன்பதாமவன் முடிந்ததும் முதலாமவன் திரும்ப வருவான். ஒருமுறை மானேஜர் அவனை வெளியே எடுத்துவிட்டால் அந்த ஆட்டத்தில் அவன் மறுபடியும் இறங்க முடியாது. எடுத்தது எடுத்ததுதான். அவன் களைத்துவிட்டானா, இல்லையா என்ற கேள்வி அதனாலேயே பேஸ்பாலில் பெரிய கேள்வியாகிவிடுகிறது.

1951ல் ஆப்பா என்ற பெயரில் ஒரு ஆட்டம் பென்ஸில்வேனியாவிலிருந்து வெளிவந்தது. அதில் பிட்சர்களுக்கு ஏ, பி, சி, டி என்று பள்ளிக்கூடத்து மார்க்கு மாதிரி தரம் போட்டிருந்தார்கள். தரத்தைப் பொறுத்து எதிரே நிற்பவனின் அட்டையில் உள்ள பலன் மாறும். பத்து வருஷம் கழித்து, 1961ல், ஹால் ரிச்மன் என்பவர் ஸ்ட்ராட்-ஓ-மாட்டிக் என்ற ஆட்டத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். என் அண்டைவீட்டுப் பெரியவர் ஆடியது அதைத்தான். இதில் பிட்சருக்கும் தனி அட்டை உண்டு. ஒரு பகடை 1, 2, 3 என்று விழுந்தால் மட்டைக்காரனின் அட்டையைப் பார்க்கவேண்டும். 4, 5, 6 என்று விழுந்தால் பிட்சரின் அட்டையை. மற்ற இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை பலனைச் சொல்லும். பாதி விதி இவன் கையில், பாதி விதி அவன் கையில். இந்த ஒரு ஏற்பாட்டுக்காகவே ரிச்மனை நான் கலைஞர் என்று சொல்லத் தயாராக இருக்கிறேன்.

பின்னால் சேர்ந்த விரிவான விதிகளில் களைப்பும் வந்தது. அட்டையில் பிட்சரின் தெம்புக்கு ஒரு எண் இருக்கும். ஆட்டத்தைத் தொடங்கி வைப்பவனாக இறங்கினால் ஏழு, நடுவில் இன்னொருவனுக்குப் பதிலாக இறங்கினால் மூன்று, இப்படி. ஏழு என்றால் ஏழாவது இன்னிங்ஸில் அவன் களைத்துவிடுவான் என்று அர்த்தமல்ல. அந்த இன்னிங்ஸிலிருந்து அவன் களைக்கக்கூடியவன், அவ்வளவுதான். அதற்குப் பிறகு எதிரிகளின் அடிகள் சேர்ந்தாற்போல் விழ ஆரம்பித்தால் அவன் களைத்தவனாகக் கணக்கு. அப்போது அவன் அட்டையில் சில பலன்களுக்கு முன்னால் ஒரு சிறிய புள்ளி வைத்திருக்கிறார்களே, அந்தப் பலன்களெல்லாம் எதிரிக்குச் சாதகமாக மாறிவிடும்.

எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது. அட்டை மாறவில்லை, அதே அட்டைதான். முதல் இன்னிங்ஸிலிருந்தே அந்தப் புள்ளிகள் அங்கே இருந்தன. யாரும் அவற்றைக் கவனிக்கவில்லை; கவனிக்கவேண்டிய அவசியம் நேரவில்லை. மனிதனின் பலவீனம் புதிதாக வெளியிலிருந்து வருவதில்லை, முன்னமேயே அவனுக்குள் இருந்தது ஒருநாள் கணக்கில் ஏறுகிறது என்பதை இதைவிடச் சிக்கனமாகச் சொல்லிவிட முடியுமா என்பது சந்தேகம். அன்றியும், அவன் களைத்தானா என்பதை இங்கே எறிந்த பந்துகளின் எண்ணிக்கை தீர்மானிக்கவில்லை, சம்பவங்கள் தீர்மானிக்கின்றன. இது கதை சொல்லத் தெரிந்தவன் செய்த காரியம்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. மார்க்கஸ் ஹைன்ஸோன் என்ற ஜெர்மானியர் உண்டாக்கிய அவுட் ஆஃப் தி பார்க் பேஸ்பால் என்ற ஆட்டம் 1999லிருந்து வெளிவருகிறது. அதைப் பெரியவரின் பேரன் எனக்குக் காட்டினான். பந்தின் வீரியத்துக்கு ஒரு எண், அசைவுக்கு ஒரு எண், கட்டுப்பாட்டுக்கு ஒரு எண், தெம்புக்கு ஒரு எண். எத்தனை பந்து எறிந்தான், நேற்று எறிந்தது எத்தனை, எத்தனை நாள் ஓய்வு, இப்போது எவ்வளவு சோர்ந்திருக்கிறான் எல்லாமே திரையில் கண்முன் நிற்கின்றன. நுட்பத்தில் அட்டை ஆட்டம் இதன் கிட்டே வரமுடியாது. இருந்தும் நுட்பம் ஏறினதற்குத் தக்கபடி உண்மை ஏறவில்லை என்றுதான் எனக்குத் தோன்றிற்று. காரணம் என்ன என்று யோசித்தேன்.

இரண்டு உண்மையான ஆட்டங்களைச் சொல்கிறேன். 2003 அக்டோபர் 16. நியூயார்க்கில், யாங்கிகளுக்கும் பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கும் ஏழாவது, கடைசி ஆட்டம். பாஸ்டன் 1918க்குப் பிறகு சாம்பியன் பட்டத்தையே பார்த்ததில்லை. எட்டாவது இன்னிங்ஸில் அவர்கள் 5க்கு 2 என்று முன்னால் இருந்தார்கள். எறிந்துகொண்டிருந்தவர் பெட்ரோ மார்ட்டினெஸ், அந்தக் காலத்தின் தலைசிறந்த பிட்சர்களில் ஒருவர். நூறு பந்துக்கு மேல் போனால் அவர் சாமான்யராகிவிடுகிறார் என்பதைக் கணக்குப் பார்க்கிறவர்கள் அறிந்திருந்தார்கள். அடிகள் விழத் தொடங்கின. மானேஜர் கிரேடி லிட்டில் மேட்டுக்கு நடந்து போனார். முடியுமா என்று கேட்டார். முடியும் என்றார் பெட்ரோ. லிட்டில் அவரை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பினார். சற்று நேரத்தில் ஆட்டம் 5க்கு 5 என்று சமமாகி, பதினோராவது இன்னிங்ஸில் பாஸ்டன் தோற்றது. லிட்டிலுக்கு அடுத்த வருஷம் வேலை இல்லை.

2020 அக்டோபர் 27. வேர்ல்ட் ஸீரீஸின் ஆறாவது ஆட்டம். டாம்பா பே கட்சியின் பிட்சர் பிளேக் ஸ்னெல். அன்றைக்கு எதிராளிகளால் அவரைத் தொடவே முடியவில்லை. 73 பந்துகளில் ஒன்பது பேரை அடிக்கவே விடாமல் அனுப்பியிருந்தார். ஆறாவது இன்னிங்ஸில் அவருக்கெதிராக இரண்டாவது அடி விழுந்தது. கட்சி 1க்கு 0 என்று முன்னால் இருந்தது. எதிரிகளின் வரிசை மூன்றாவது தடவையாகச் சுற்றி வரப்போகிறது. ஒரே பிட்சரை மூன்றாவது தடவை பார்க்கிற மட்டைக்காரன் முன்னைவிட நன்றாக அடிக்கிறான் என்பது புள்ளிவிவர ஆராய்ச்சிகள் நிலைநாட்டியிருக்கும் விஷயம். மானேஜர் கெவின் காஷ் மேட்டுக்கு வந்தார். எதையும் கேட்கவில்லை, எடுத்துவிட்டார். புதிதாக வந்தவன் எறிந்ததில் அந்த இன்னிங்ஸிலேயே முன்னிலை போயிற்று. கடைசியில் 3க்கு 1 என்று தோற்று, ஸீரீஸும் போயிற்று.

முதல் மானேஜர் மனிதனைக் கேட்டு ஏமாந்தார். இரண்டாவது மானேஜர் மனிதனைக் கேட்காமல் ஏமாந்தார். இருவரில் யார் செய்தது தவறு என்று தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல. நான் கவனிப்பது வேறு. கம்ப்யூட்டர் ஆட்டத்தில் நாம் எல்லோரும் காஷாக இருக்கலாம். லிட்டிலாக இருக்கவே முடியாது. ஏனென்றால் அங்கே களைப்பு என்பது திரையில் தெரிகிற எண். பிட்சர் பொய் சொல்லமாட்டான். சொல்ல அவனுக்கு வாய் இல்லை. வாழ்க்கையிலோ களைப்பைப் பற்றி நமக்குக் கிடைக்கும் சாட்சி களைத்தவனின் வார்த்தை ஒன்றுதான். அந்த வார்த்தையில் பெருமை இருக்கிறது, பயம் இருக்கிறது, பழக்கம் இருக்கிறது. இவற்றையெல்லாம் தாண்டி உண்மை எது என்று ஊகிப்பதில்தான் மானேஜரின் துன்பமெல்லாம். ஆட்டத்தை உண்டாக்கினவர்கள் களைப்பை வெகு ஜாக்கிரதையாக அளந்து வைத்துவிட்டு, அளக்க முடியாமைதான் களைப்பின் முக்கிய லக்ஷணம் என்பதை விட்டுவிட்டார்கள். அந்த எண்ணைத் திரையிலிருந்து மறைத்து, முழங்கை கொஞ்சம் தாழ்வது, பந்து உயரமாகப் போவது, இரண்டு பந்துகளுக்கு நடுவே காலம் கடத்துவது என்ற அடையாளங்களை மட்டும் காட்டட்டும். பிட்சர் தன் வாயால் ஒரு பதிலும் சொல்லட்டும். ஆட்டம் கஷ்டமாகும். ஆனால் உண்மையாகும்.

அடுத்தது வேலை மாற்றம். ஆட்டத்தைத் தொடங்கி ஐந்தாறு இன்னிங்ஸ் எறிகிறவன் ஸ்டார்ட்டர். நடுவில் வந்து கைகொடுக்கிறவன் ரிலீவர். கடைசி இன்னிங்ஸில் வந்து, கையிலிருக்கும் வெற்றியைத் தவறவிடாமல் முடித்துக்கொடுக்கிறவன் க்ளோஸர். பேரன் எனக்கு ஒரு வேடிக்கை காட்டினான். ஒரு ஸ்டார்ட்டரின் பெயருக்கு எதிரே இருந்த வார்த்தையை ரிலீவர் என்று மாற்றினான். அந்த க்ஷணமே அவன் பந்தின் வீரிய எண் ஏறிற்று. திரும்ப மாற்றினான், இறங்கிற்று.

இதில் நியாயம் இல்லாமலில்லை. இருபது நிமிஷ வேலைக்கு வருகிறவன் சக்தியை மிச்சம் பிடிக்கவேண்டியதில்லை. இருக்கிற முழு வேகத்தையும் ஒவ்வொரு பந்திலும் கொட்டலாம். நாலு தினுசுப் பந்து தெரிந்திருக்க வேண்டியதில்லை; இரண்டு போதும். ஒரே மட்டைக்காரனை மூன்று தடவை சந்திக்க வேண்டியதுமில்லை. வேட் டேவிஸ் என்பவர் 2013ல் கான்ஸாஸ் ஸிடிக்குப் பெரும்பாலும் ஸ்டார்ட்டராக ஆடியபோது, ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரி 5.32 ரன் விட்டுக்கொடுத்தார். மறு வருஷம் ரிலீவராக்கினார்கள், சராசரி 1.00 ஆயிற்று. எண் ஏறுவது பொய்யல்ல.

ஆனால் அந்த க்ஷணம்தான் பொய். டென்னிஸ் எக்கர்ஸ்லியை எடுத்துக்கொள்வோம். 1977ல் எதிரிகளுக்கு ஒரு அடிகூடக் கொடுக்காமல் ஒரு முழு ஆட்டம் எறிந்தவர். 1978ல் பாஸ்டனுக்காக 20 ஆட்டம் வென்ற ஸ்டார்ட்டர். பத்து வருஷத்துக்குள் சரிந்துபோனார். குடிப்பழக்கத்துக்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டு, 1987ல், 32 வயதில் ஓக்லண்ட் கட்சிக்கு வந்து சேர்ந்தார். அங்கே அவரை ரிலீவர்களோடு உட்காரவைத்தார்கள். அந்தக் காலத்தில் ஸ்டார்ட்டராக இருந்தவனுக்கு அது பதவி உயர்வு அல்ல. 1988ல் அவர் க்ளோஸர். அந்த வருஷம் வேர்ல்ட் ஸீரீஸ் முதல் ஆட்டத்தில், ஒன்பதாவது இன்னிங்ஸில் இன்னும் ஒரே ஒருவரை வீழ்த்தினால் வெற்றி என்ற நிலையில், இரண்டு கால்களிலும் அடிபட்டு நொண்டிக்கொண்டு வந்த கர்க் கிப்ஸன் அவர் பந்தைக் கூட்டத்துக்குள் அடித்துவிட்டார். 1992ல் அதே எக்கர்ஸ்லி 51 வெற்றிகளைக் காத்துக்கொடுத்து, சிறந்த பிட்சர் பரிசு, மிகச்சிறந்த ஆட்டக்காரர் பரிசு இரண்டையும் சேர்த்து வாங்கினார்.

இந்த மனிதரின் கதையில் எண் ஏறியது ஒரு பகுதிதான். ஸ்டார்ட்டருக்குத் தன் நாள் முன்கூட்டியே தெரியும்; ஐந்து நாளைக்கு ஒரு தடவை. க்ளோஸருக்கு இன்றைக்கு வேலை உண்டா என்பது ஆட்டம் முடியும் தறுவாயில்தான் தெரியும். ஸ்டார்ட்டரின் தோல்வி ஒரு சாயங்காலம் முழுவதும் பரவிக் கிடக்கும். அதற்குள் திருத்திக்கொள்ள இடம் உண்டு. க்ளோஸரின் தோல்வி ஒரே பந்து. அதோடு கூட்டம் எழுந்து வீட்டுக்குப் போய்விடும். இவ்விதம் வேறு வகையான காலத்தில் வாழக் கற்றுக்கொள்ள ஒரு மனிதனுக்கு எத்தனை மாதம் பிடிக்கும், அதில் அவன் எதை இழப்பான் என்பதற்கு எந்த ஆட்டத்திலும் எண் இல்லை.

ஜான் ஸ்மோல்ட்ஸ் திரும்பியும் வந்தார். 1996ல் ஸ்டார்ட்டராகச் சிறந்த பிட்சர் பரிசு. 2000 முழுவதும் முழங்கை ஆபரேஷனில் போயிற்று. 2002ல் க்ளோஸராக 55 வெற்றிகளைக் காத்தார். 2005ல், 38 வயதில், மறுபடி ஸ்டார்ட்டராகி 200 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்தார். க்ளோஸராக இருந்த வருஷங்களில் அவருடைய தெம்பு எங்கே போயிருந்தது? அட்டை, அந்த வருஷம் அவர் செய்த வேலைக்கு மட்டும்தான் எண் போடும். 2002ஆம் வருஷத்து அட்டையை மட்டும் பார்க்கிறவன், இவர் இரண்டு இன்னிங்ஸுக்குமேல் தாங்கமாட்டார் என்றுதான் சொல்வான்.

இங்கேதான் விஷயத்தின் மூலத்துக்கு வருகிறோம். 1904ல் ஜாக் செஸ்ப்ரோ என்பவர் ஒருவரே 48 ஆட்டங்களைத் தொடங்கிக் கடைசிவரை தாமே எறிந்து முடித்தார். 2023ல் 30 கட்சிகளின் எல்லா பிட்சர்களும் சேர்ந்து அவ்விதம் முடித்த ஆட்டங்கள் 35. மனித ஜாதி நூறு வருஷத்தில் இவ்வளவு பலவீனமாகிவிட்டதா? இல்லை. செஸ்ப்ரோவிடம் கடைசிவரை நில் என்றார்கள். ஆகவே அவர் ஆபத்து வரும்போது மட்டும் முழு பலத்தைப் பிரயோகித்து, மற்ற நேரம் மெதுவாக எறிந்தார். இன்றைய பிட்சரிடம் ஒவ்வொரு பந்தையும் அதுவே கடைசிப் பந்து மாதிரி எறி, நீ விழுந்தால் வேறு ஆள் தயாராக இருக்கிறான் என்கிறார்கள். அவனும் அப்படியே எறிந்து விழுகிறான். ஆகவே தெம்பு என்பது மனிதனுக்குள் பானைத் தண்ணீர் மாதிரி இருக்கிற ஒரு சரக்கல்ல. அது மனிதனுக்கும் அவனிடம் கேட்கப்படுகிற வேலைக்கும் நடுவே உள்ள ஒரு ஒப்பந்தம். வேலை மாறினால் ஒப்பந்தம் மாறும். ஆனால் புது ஒப்பந்தம் எழுதி முடிக்கிறவரையில் பழையதும் செல்லாது, புதியதும் செல்லாது. அந்த நடுக்காலம்தான் வாழ்க்கை. இந்த ஆட்டங்கள் தாண்டிக் குதிப்பதும் அந்த நடுக்காலத்தைத்தான்.

1968ல் ராபர்ட் கூவர் என்ற அமெரிக்க நாவலாசிரியர் இப்படிப் பகடை உருட்டி பேஸ்பால் ஆடும் ஒரு கணக்கப்பிள்ளையைப் பற்றி நாவல் எழுதினார். ஹென்றி வா என்ற அந்த ஆள் தானே ஆட்டக்காரர்களைக் கற்பித்து, தானே விதி வகுத்து, இரவு இரவாக ஆடுகிறான். அவன் செல்லமாக வளர்த்த இளம் பிட்சர் பகடையின் தீர்ப்பால் செத்துப்போகிறான். அதைத் தாங்கமுடியாமல் ஹென்றி ஒருநாள் பகடையைக் கையாலேயே திருப்பிவைத்துப் பழி வாங்குகிறான். கூவர் இதைக் கடவுளைப் பற்றிய கதையாக எழுதினார் என்பார்கள். நான் அதைக் களைப்பைப் பற்றிய கதையாகப் படிக்கிறேன். அட்டைகள் களைப்பதில்லை. களைப்பது பகடை உருட்டுகிறவன்தான். தூக்கம் போய், வேலை போய், கடைசியில் அவன் பகடையைத் திருப்புவது பழி வாங்க மட்டுமல்ல, இனி உருட்ட முடியாததாலும்தான்.

என் பெரியவர் திருப்பமாட்டார்; யோக்கியர். ஆனால் ஒருநாள் சாயங்காலம், தெம்பு எல்லையைத் தாண்டிவிட்ட பிட்சரை ஒன்பதாவது இன்னிங்ஸிலும் நிறுத்திவைத்தார். புள்ளி வைத்த பலன் வந்தது, தோற்றார். “களைத்துவிட்டான் என்று விதியே சொல்கிறதே, ஏன் எடுக்கவில்லை?” என்று கேட்டேன். அவர் பென்சிலை மேஜைமேல் வைத்துவிட்டு, “அட்டைக்குத் தெரியும் ஐயா. அவனுக்குத் தெரியாதல்லவா?” என்றார்.

ஆட்டத்தில் இல்லாததை ஆடுகிறவர் கொண்டுவந்து நிரப்புகிறார். அட்டை ஆட்டம் அதற்குக் கொஞ்சம் இடம் விட்டுவைக்கிறது. எல்லாவற்றையும் திரையில் காட்டிவிடும் கம்ப்யூட்டர் ஆட்டம் விட்டுவைக்கவில்லை. இரண்டையும் தராசில் வைத்தால் என் ஓட்டு அட்டைக்குத்தான்.

பிறரைக் குறை சொல்லிவிட்டு என்னைத் தப்பவிடுவது முறையல்ல. என் நாவல் ஒன்றில் ஒரு வாத்தியார் ஹெட்மாஸ்டர் ஆகிறார். ஒன்பதாவது அத்தியாயத்தில் பிள்ளைகளோடு மரத்தடியில் உட்கார்ந்து பேசுகிறவர், பத்தாவது அத்தியாயத்தில் நாற்காலியிலிருந்து அதட்டுகிறார். மனித ஸ்வபாவத்தை நன்றாகக் காட்டியிருக்கிறேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். நான் செய்ததெல்லாம் அவர் பெயருக்கு எதிரே ஒரு வார்த்தையை மாற்றியதுதான். அதைப் படித்த ஒரு வாசகர் போஸ்ட் கார்டில் ஒரே ஒரு கேள்வி கேட்டு எழுதியிருந்தார்: “இரண்டு அத்தியாயத்துக்கும் நடுவில் கோடை விடுமுறை வந்ததே, அந்த இரண்டு மாதம் அவர் வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தார்?”

அந்தக் கார்டுக்கு நான் இன்னும் பதில் போடவில்லை.